பட்ஜியும் ஹாம்ஸ்டரும்: கேமராவுக்கு எது எளிது?

வீட்டுச் செல்லங்களைப் படமெடுக்க விரும்புவோர் பறவை என்றால் தயங்குகிறார்கள். பறந்துவிடுமே என்ற பயம். உள்ளங்கையில் அடங்கும் ஹாம்ஸ்டர் எளிதில் வசப்படும் என்று நினைக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை நேர்மாறானது. சிறகடிக்கும் பட்ஜிதான் படத்துக்கு இணங்கும். ஹாம்ஸ்டர் நம் பொறுமையைப் பிழிந்தெடுக்கும்.

காரணம் அவற்றின் பூர்வீகத்தில் இருக்கிறது. நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படும் பட்ஜி, ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. 1840இல் ஜான் கூல்ட் இதை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். கூட்டமாக வாழ்வது, பகலில் இரை தேடுவது. சிரிய ஹாம்ஸ்டரோ வளையில் தனித்து வாழும் பிராணி. 1930இல் அலெப்போ அருகே விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் தோண்டி எடுத்தார். இன்று வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த ஓர் ஈற்றின் வழிவந்தவை. இத்தனை தலைமுறை கூண்டில் கழிந்தும், இருட்டிய பிறகு நடமாடும் பழக்கம் அதை விடவில்லை.

ஆகவே பட்ஜிக்குப் பகல் வெளிச்சம் இலவசமாகக் கிடைக்கிறது. காலையில் ஜன்னல் பக்கம் கூண்டை நகர்த்தி, வெயில் நேரே விழுந்தால் ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் போதும். மென்மையான அந்த ஒளியில் இறகின் ஒவ்வொரு வரியும் தெரியும். கம்பிகள் தொந்தரவு செய்தால், லென்ஸைக் கம்பிக்கு மிக அருகே கொண்டுபோய், துளையை அகலத் திறந்து, சற்று உள்ளே அமர்ந்திருக்கும் பறவையின் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். கம்பி கரைந்து போகும்.

ஹாம்ஸ்டர் விழிக்கும்போது நமக்கு மிஞ்சுவது மின்விளக்கு. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஓடும் ஹாம்ஸ்டரை உறைய வைக்க 1/500 நொடி வேகம் வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழலாம். 1/100க்கு இறக்கினால் பட்டை போகும், ஹாம்ஸ்டர் கலங்கிவிடும். தரமான, மினுக்காத மேசை விளக்கு ஒன்றைச் சுவரிலோ வெள்ளை சார்ட்டிலோ பட்டுத் திரும்பும்படி வைப்பதே நல்ல வழி. ஐஎஸ்ஓவைத் தயங்காமல் 3200 வரை ஏற்றலாம்; புள்ளி விழுந்த படம், கலங்கிய படத்தைவிட மேல். செல்போனில் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால் மீசையும் காலும் மெழுகிவிடும். ஃப்ளாஷ் இரண்டையுமே மிரள வைக்கும், வேண்டவே வேண்டாம்.

வேகத்தில் பட்ஜிக்கு ஈடில்லை. பறக்கும் நிலையில் தெளிவாகப் பிடிக்க 1/2000 நொடியாவது வேண்டும். ஆனால் அது முன்னறிவிப்பு தரும் பறவை: கால்களை மடக்கி, உடலை முன்னே சாய்த்த பிறகே கிளம்பும். பிடித்த கொம்புக்கே திரும்பத் திரும்ப வரும். அந்தக் கொம்பில் ஒரு தினைக் கதிரைக் கட்டி, முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் படம் தானாக வந்து அமரும். ஹாம்ஸ்டருக்குப் பார்வை மங்கல். மோப்பத்தையும் மீசையையும் நம்பி சுவரோரமாகவே ஓடும். எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஒரு சூரியகாந்தி விதையைக் கன்னப் பைக்குள் திணிக்கும் அந்தச் சில கணங்கள்தான் வாய்ப்பு. மாலையில் எழுந்து கொட்டாவி விட்டு முகம் கழுவும் நேரம் இன்னொன்று. நீங்கள் தரையில் படுத்து அதன் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் ஒரு பஞ்சுருண்டைதான் பதிவாகும்.

பாதுகாப்பிலும் இரண்டுக்கும் தனித்தனிக் கவனம் தேவை. பட்ஜியை வெளியே விடுமுன் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், கதவு ஜன்னலைச் சாத்துங்கள், கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். ஹாம்ஸ்டருக்கு உயரம் புரியாது. மேசை விளிம்பிலிருந்து அப்படியே விழும். எனவே விளிம்பு உயர்ந்த அகலமான டப்பில் வைத்தே எடுக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை பட்ஜிதான். வீட்டில் இருப்பது ஹாம்ஸ்டர் என்றால், படத்துக்காகப் பகலில் அதை எழுப்பாதீர்கள். மாலை வரை காத்திருங்கள்.