பட்டாளமும் கொசுவும்

போர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன துப்பாக்கியும் பீரங்கியுமே. ஆயின் 1943-ஆம் ஆண்டு பர்மா எல்லையில் இந்தியப் படையைக் கிடத்தியது கொசுவே ஆகும். காயமுற்று அகற்றப்பட்ட ஒருவனுக்கு, நோயுற்று அகற்றப்பட்டோர் 120 பேர் என்று படைத்தலைவர் ஸ்லிம் பின்னாளில் எழுதினார்.

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவு அன்று புதுச்செய்தி அன்று. 1897 ஆகஸ்டு 20-இல் செகந்திராபாத்தில் இராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அக்கிருமியைக் கண்டார். ஹுசேன் கான் என்னும் நோயாளி தம்மைக் கடிக்கவிட்ட கொசு ஒன்றுக்கு ஓரணா பெற்றார். ராஸ் 1902-இல் நோபல் பரிசு பெற்றார்; கானுக்கு அந்த அணாக்களோடு சரி!

நிற்க. 1942-இல் ஜாவாத் தீவு ஜப்பானியர் வசமாகவே கொயினா வரத்து அற்றது. அதற்கு ஈடாக மெபாக்கிரின் மாத்திரை தரப்பட்டது. அதை உண்டோர் மேனி மஞ்சளாயிற்று. ஆண்மையும் போய்விடும் என்று வதந்தி கிளம்பவே, சிப்பாய்கள் பலர் அதை விழுங்காது விட்டனர். மருத்துவச் சோதனையில் உண்மை தெரியும்; எனினும் இராணுவ நீதிமன்றத்தில் மெய்ப்பித்தல் கடினம். ஆகவே ஸ்லிம் முன்னறிவிப்பின்றிப் பட்டாளம் முழுவதையும், ஓர் ஆள் விடாமல் சோதிப்பித்தார். மாத்திரை உண்டோர் நூற்றுக்கு 95-க்குக் குறைந்தால் பதவி இழப்பவர் அப்பட்டாளத்தின் தலைமை அதிகாரியே! மூவர் இழந்தனர், ஏனையோர் குறிப்பறிந்து கொண்டனர். குற்றம் கீழே நேர, தண்டனை மேலே சென்ற இம்முறை, அலுவலகத்தில் கீழ்நிலையில் இருக்கும் என் போன்றோர்க்கு வியப்பளிப்பதே.

சித்தூரிலிருந்து பட்டாளம் சேர்ந்த என் பாட்டனாரும் பர்மாவில் இருந்தவர். மாத்திரையை நாவின்கீழ் ஒதுக்கிப் பின் துப்பியவர்களுள் தாமும் ஒருவர் என்று முதுமையில் ஒப்புக்கொண்டார். சோதனையில் அகப்பட்டாரா, அவருடைய அதிகாரி என்ன ஆனார் என்று கேட்டால் மட்டும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் இரவிலேதான் இரத்தத்தில் மிகுதியாக உலவும். அதனால் சுகாதாரப் பணியாளர் ஓரிரவு விளக்கோடு நம் காலனிக்கு வந்தனர். “ஊசி குத்த இதுவா நேரம்?” என்று பலர் கதவடைத்தனர். பாட்டனார் திண்ணையினின்று இறங்கி, முதல் ஆளாய் விரலை நீட்டினார்.