கேளாது வரும் ஓலை

யாழ்ப்பாணத்திலே காணி விற்க நினைத்த ஒருவன், முற்காலத்தில், வாங்குவோன் ஒருவனைக் கண்ட மாத்திரத்தே உறுதி முடித்துவிடல் இயலாது. உரித்தாளருக்கும், பங்காளருக்கும், அயற்காணிக்காரருள் அந்நிலத்தை ஈடாகப் பெற்றிருந்தோருக்கும் தன் எண்ணத்தை முதலில் அறிவித்தல் வேண்டும். வாங்கும் முதலுரிமை அவர்களுடையது. ஒல்லாந்தத் தளபதி புளோம் என்பார் காலத்தில், 17 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, இவ்வறிவித்தலுக்கு ஓர் ஒழுங்கு விதிக்கப்பட்டது. விற்பவன் சார்ந்த கோயிற்பற்றுத் தேவாலயத்திலே, தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவனது கருத்து வெளிப்படுத்தப்படும். அதற்குள் உரியவர் முன்வரல் வேண்டும். வாராதொழியின் காணி பிறர் கைக்குப் போகலாம். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1707 இல் தொகுத்தளித்த தேசவழமையிலே இச்செய்தி காணப்படுகின்றது. ஆங்கிலேயர் 1806 இல் அத்தேசவழமைக்குச் சட்ட வலுக் கொடுத்தனர். முன்னுரிமைக் கொள்வனவு குறித்து 1947 இல் தனிச் சட்டமும் பிறந்தது.

வணிக மின்னஞ்சலையும் அதற்கேற்பட்ட சட்டங்களையும் பற்றிக் கூறவந்த இடத்திலே காணிக்கதை எதற்கு என நீங்கள் வினவலாம். அறிவித்தல் என்பது கேட்பவனுடைய உரிமையாக நம் நாட்டில் ஒரு காலம் இருந்தது என்பதைக் காட்டவே இதனை எடுத்துரைத்தேன். யாருக்கு, எவ்விடத்தில், எத்தனை முறை என்பன யாவும் வரையறுக்கப்பட்டிருந்தன. மூன்று ஞாயிறுகள்தாம், நான்காவது ஞாயிறு இல்லை.

அச்சு வந்தபின் இந்நிலை மாறலாயிற்று. 1820 இல் கரட் என்னும் அச்சுத் தொழில் வல்லார் ஒருவரை அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியபோது, ஆங்கில அரசு அவர் தங்கியிருக்க இடங்கொடுக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1834 இலே, மானிப்பாயில் மிஷன் அச்சகம் இயங்கத் தொடங்கியது. துண்டுப் பிரசுரங்கள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. சந்தையிலும் திருவிழாக் கூட்டத்திலும் அவை கேளாதார் கைகளிலும் திணிக்கப்பட்டன. ஆறுமுக நாவலரவர்கள் 1849 இல் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவி, பிரசுரத்துக்குப் பிரசுரத்தாலேயே விடை கூறினார். இரு சாராரும் தமிழ் உரைநடைக்குச் செய்த தொண்டு பெரிது. அது வேறு பொருள். இங்கு நாம் கருதவேண்டியது ஒன்று: தாளும் மையும் கூலியும் அனுப்புவோன் தலையிலேயே விழுந்தன. அச்செலவே அவனுக்கு ஒரு கடிவாளமாக இருந்தது. தபாலிலும் அவ்வாறே. 1840 க்கு முன் இங்கிலாந்திலே கடிதம் பெறுபவனே பெரும்பாலும் கூலி கொடுத்தான். ஒட்டு முத்திரை வந்தபின் அச்சுமை அனுப்புவோனுக்கு மாறியது. இலங்கையிலே முதன்முத்திரை 1857 இல் வெளியாயிற்று.

மின்னஞ்சல் இக்கடிவாளத்தை அறுத்துவிட்டது. 1978 ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்கக் கணினி வியாபாரக் கம்பனி ஒன்றின் விற்பனையாளரான கரி தூர்க் என்பவர், அந்நாளைய ஆராய்ச்சி வலையமைப்பில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்குத் தம் புதிய கணினியைக் காணவருமாறு ஒரே அழைப்பை அனுப்பினார். முகவரிகள் அவற்றுக்குரிய இடத்தில் அடங்காது கடிதத்தின் உடலுக்குள்ளும் வழிந்தோடின என்பர். கண்டனம் பல எழுந்தன. வேண்டா அஞ்சலுக்குப் பின்னாளில் வாய்த்த ‘ஸ்பாம்’ என்ற பெயரோ தகரத்தில் அடைத்த இறைச்சியின் பெயர். உணவுச்சாலையில் எதைக் கேட்டாலும் அதுவே வந்து சேர்வதாகச் சித்திரித்த ஆங்கில நகைச்சுவை நாடகம் ஒன்றிலிருந்து பெறப்பட்டது. நானூறு பேருக்கு அனுப்பினும் நாற்பது இலட்சம் பேருக்கு அனுப்பினும் அனுப்புவோனுக்குச் செலவில் பெரிய வேறுபாடில்லை. படித்துப் பிரித்துக் கழிக்கும் நேரமாகிய கூலி முழுவதும் பெறுபவனுடையது. பழைய இங்கிலாந்துத் தபால் முறை திரும்பி வந்துவிட்டது. ஆனால் அன்று கடிதத்தை வாங்க மறுக்கும் வாய்ப்பாவது இருந்தது!

யாழ்ப்பாணத்தாருக்கு இவ்விடயம் பிற நாட்டாரைக் காட்டிலும் நெருக்கமானது. 1990 முதற் பல ஆண்டுகள் மின்சாரமும் தொலைபேசியும் இன்றி இருந்த குடாநாடு இது. வெளிநாட்டுப் பிள்ளையின் ஒரு கடிதத்துக்காகத் தாய்மார் மாதக்கணக்கிற் காத்திருந்தனர். அக்காலத்திலே ஒரு முகவரி என்பது குடும்பத்தின் பொருள். எளிதிற் பிறருக்குக் கொடுக்கப்படுவதன்று. இன்று அதே பிள்ளைகளின் மின்னஞ்சல் முகவரிகள் பட்டியற் பட்டியலாய் வியாபாரிகளின் கையிற் புழங்குகின்றன. பனங்கட்டியும் ஒடியலும் மிளகாய்த் தூளும் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் விற்க விரும்பும் சிறு வணிகன், ஊர்ச்சங்கத்துப் பட்டியலைக் கேட்டு வாங்கி எல்லோருக்கும் ஒரே விளம்பரத்தை அனுப்பிவிடுகின்றான். கெட்ட எண்ணம் அவனுக்கு இல்லை. எனினும் அவன் சட்டத்தின் வாயிலில் நிற்கின்றான்.

எந்நாட்டுச் சட்டம்? ஒன்றன்று, பல. 2003 இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் முன்னனுமதி கேட்பதில்லை. பொய்த் தலைப்பு இடாமை, உண்மையான தபால் முகவரி, நிறுத்தும் வழி ஆகியவற்றையே முக்கியமாக வற்புறுத்துகிறது. 2014 ஜூலை 1 இல் நடைமுறைக்கு வந்த கனடாச் சட்டமோ கடுமையானது. பெறுபவனது சம்மதம் முதலில் வேண்டும். சம்மதம் கேட்டு எழுதும் மின்னஞ்சலே வணிக அஞ்சலாகக் கருதப்படும்! பொருள் வாங்கியவரிடத்துச் சம்மதம் உண்டெனக் கொள்ளலாம். ஆயின் அது வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கே. ‘நிறுத்துக’ என ஒருவர் கூறின் பத்து வேலை நாளுக்குள் நிறுத்தல் வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு ஒரு கோடி கனடா டொலர் வரையும் தண்டம் விதிக்கலாம். அஞ்சல் கனடாவிலுள்ள கணினியில் திறக்கப்படின், அது சுன்னாகத்திலிருந்து புறப்பட்டதாயினும் அச்சட்டத்துக்கு உட்பட்டதே. அத்தண்டத்தை இங்கிருப்பவனிடம் அறவிடுதல் எளிதோ என்பது வேறு கேள்வி. கனடாவிற் கிளையோ முகவரோ உள்ளவன் அக்கேள்வியால் ஆறுதலடைய முடியாது.

இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதனைத் தொட்டுள்ளது. தபால், தொலைத்தொடர்பு, மின்னியல் வழி எதுவாயினும், ஒருவருடைய விவரத்தைக் கொண்டு அவருக்கு இத்தகைய செய்தி அனுப்ப அவரது சம்மதம் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஒவ்வொரு செய்தியோடும், கட்டணமின்றி விலகும் வழியைக் காட்டுதலும் வேண்டும். இச்சட்டம் ஒரே நாளில் அன்றிப் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டது. காகிதத் தபாலையும் அது விட்டுவைக்கவில்லை என்பதே எனக்கு விசேடமாகப் படுகின்றது. மானிப்பாய்த் துண்டுப் பிரசுரத்தின் வழிவந்தோரும் தபாலையே நாடின் அதற்குள் அகப்படலாம்.

சட்டங்களுக்கு முன்னரே நம்மவரிடம் ஒரு வழக்கம் உண்டு. மங்கல வீட்டுக்கு அழைப்போர் வாசலில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, பெயர் சொல்லி அழைப்பர். தெருவில் நின்று கூவிவிட்டுப் போனால் அழைப்பெனக் கொள்வாரில்லை.

வணிகன் செய்யத்தக்கது என்ன? சம்மதம் பெற்றதை மெய்ப்பிக்கும் பாரம் கனடாவிலே அனுப்பியவன் மீதே உள்ளது. ஆகையால் யார், எந்நாளில், எதற்குச் சம்மதித்தார் என்று பதிந்து வைத்தல் முதல் வேலை. பழைய பட்டியலைக் கையில் வைத்திருப்போர் அதனை மூன்றாகப் பிரிக்கலாம்: தாமே கேட்டு முகவரி தந்தோர், கடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பொருள் வாங்கியோர், பிறர் தந்த பட்டியலில் இருந்தோர். மூன்றாவது பகுதிக்கு ஒன்றும் அனுப்பாதிருத்தலே நலம். ஊர்ச்சங்கம் தனக்கென அளிக்கப்பட்ட முகவரிகளை இன்னொருவனுக்குக் கொடுக்கும் முன், அவற்றைத் தந்த உறுப்பினரையே கேட்டல் வேண்டும். அந்தக் கேள்விக்கு வரும் விடைகளைக் கொண்டு புதிய பட்டியலொன்றை எழுதத் தொடங்கலாம்.