கைத்துப்பாக்கிப் பொறிப்புகளில் நிறம் நிரப்பலும் நீக்கலும்: கொள்ளேகால் வட்டாரப் பின்னணியில் மைசூர்ப் படைக்கலன்கள்

முன்னுரை

கல்லிலும் செப்பேட்டிலும் வெட்டப்பட்ட எழுத்துகளைப் போலவே படைக்கலன்களில் பொறிக்கப்பட்ட எழுத்துகளும் வரலாற்றுச் சான்றுகளாகும். பழந்துப்பாக்கிகளைத் திரட்டுவோர் அவற்றின் பொறிப்புகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகப் பள்ளங்களில் வெள்ளை அல்லது பொன்னிற வண்ணத்தை நிரப்புவதும், முன்னர் நிரப்பப்பட்டதைச் சுரண்டி நீக்குவதும் உலகெங்கும் உள்ள வழக்கம். இவ்விரு செயல்களும் சான்றின் நம்பகத்தன்மையை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை மைசூர்ப் படைக்கலன்களை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொள்ளேகாலும் மைசூர்ப் படைக்கலன்களும்

காவிரிக்கரை வட்டமாகிய கொள்ளேகால் 1799 வரை மைசூர் அரசின்கீழ் இருந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அது கோயம்புத்தூர் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. 1956இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் உள்ளது. மைசூர்ச் சமவெளியையும் கொங்கு நாட்டையும் இணைக்கும் இவ்வட்டாரத்தின் தெற்கே கசல்ஹட்டிக் கணவாய் அமைந்துள்ளது. 1790இல் திப்புவின் படை அக்கணவாய் வழியாகவே கோயம்புத்தூர்ப் பகுதிக்குள் இறங்கியது. எனவே மைசூர்த் துப்பாக்கிகளின் வரலாறு இவ்வட்டாரத்தின் வரலாற்றோடு பிரிக்கவியலாதது எனலாம்.

திப்புவின் ஆயுதச் சாலைகள் சீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், நகரம் ஆகிய இடங்களில் இயங்கின. 1799 மே 4இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கிருந்த படைக்கலன்கள் கொள்ளைப் பங்காகப் படையினரிடையே பகிரப்பட்டன. அவற்றுட் பல இன்று விண்ட்சர் அரண்மனை, இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், வேல்சு நாட்டின் போவிஸ் கோட்டை முதலிய இடங்களிலும் தனியார் தொகுப்புகளிலும் உள்ளன. பிறந்த மண்ணைவிட்டு அகன்ற இப்பொருள்களுக்குப் பிறப்புச் சான்றாக எஞ்சுவது அவற்றின் மேலுள்ள பொறிப்பே என்பது குறிப்பிடத்தக்கது.

பொறிப்புகளின் தன்மை

அரசனுக்கும் அவைப் பெரியோர்க்கும் செய்த துப்பாக்கிகளில் புலிவரிகள், புலித்தலைகள், பாரசீக எழுத்துகள் ஆகியன பொன்னாலோ வெள்ளியாலோ இழைக்கப்பட்டன. ‘அசதுல்லாஹில் காலிப்’ என்னும் தொடரைப் புலிமுக வடிவில் அமைத்த எழுத்தோவியமும், ஐதரின் பெயர் கொண்ட முத்திரையும் இவற்றின் அடையாளங்களாகும். படைவீரர்க்குரிய எளிய துப்பாக்கிகளிலோ முத்திரை அடித்ததோடு நின்றனர்.

பொன்னிழைப்பில் இரு முறைகள் உண்டு. ஆழ வெட்டிய பள்ளத்தில் பொற்கம்பியை அடித்துப் பொருத்துவது ஒன்று. எஃகின் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அக்கீறலில் மெல்லிய பொன்னை அழுத்திப் பதிப்பது மற்றொன்று. இரண்டாம் முறையில் பொன் உதிர்ந்தாலும் கீறல்கள் எஞ்சும். பொன் இருந்த இடத்திற்கு அவையே சான்று. அவற்றின்மேல் பொன்னிற வண்ணம் பூசினால் அழிவு மறைகிறது. அதோடு அழிந்ததற்கான சான்றும் மறைகிறது.

நிறம் நிரப்புதலால் விளையும் திரிபு

நிறம் நிரப்புவோர் முதலில் ஒரு வாசிப்பைத் தம் மனத்துள் முடிவு செய்துகொள்கின்றனர். பின் அவ்வாசிப்பையே பொருளின்மேல் எழுதுகின்றனர். அதற்குப்பின் வருவோர் காண்பது பொறித்தவரின் எழுத்தையன்று, நிரப்பியவரின் கருத்தை.

திப்பு வழங்கிய மௌலூதி ஆண்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இவ்வாண்டின் எண்கள் வலமிருந்து இடமாகப் படிக்கப்படுவன. மௌலூதி 1215 என்பது கி.பி. 1787ஐயும், 1227 என்பது 1799ஐயும் ஒட்டியவை. பாரசீக எண்வரிசையில் இரண்டிற்கும் மூன்றிற்கும் உள்ள வேறுபாடு மேலே ஒரு பல் கூடுதலாக இருப்பதே. தேய்ந்த பள்ளத்தருகே துருக்குழி ஒன்று இருந்து, அதிலும் வண்ணம் ஏறிவிட்டால் இரண்டு மூன்றாகிவிடும். 1222 என்னும் ஆண்டின் கடைசி இலக்கம் அவ்வாறு மாறின் ஓராண்டு பிழை நேரும். அதனை எவரும் ஐயுறார். பத்தாமிட இலக்கம் மாறின் 1232 ஆகும். அது திப்பு இறந்து ஐந்தாண்டுகளுக்குப் பிற்பட்ட காலம் ஆதலின் பிழை தானே வெளிப்படும். வெளிப்படாத சிறு பிழையே ஆய்வுக்குப் பெருந்தீங்கு விளைப்பது.

புள்ளிகளின் நிலையும் இத்தகையதே. ‘ஐதர்’ என்னும் பெயரின் முதலெழுத்தாகிய ‘ஹே’ புள்ளியற்றது. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு புள்ளி தோன்றின் ‘ஜீம்’ ஆகும். மேலே தோன்றின் ‘கே’ ஆகும். துருக்குழியில் வண்ணம் தங்கினால் இல்லாத புள்ளி பிறக்கிறது. தமிழ்க் கல்வெட்டாய்வாளர்க்கு இச்சிக்கல் புதியதன்று. மெய்யெழுத்துக்குத் தொல்காப்பியம் புள்ளியை விதித்திருப்பினும் கல்வெட்டுகளில் அது பெரும்பாலும் இடப்படுவதில்லை. கல்லின் இயற்கைக் குழியைப் புள்ளியென மயங்கும் வாய்ப்பும் உண்டு. கோயிற் சுவர்களில் கல்வெட்டெழுத்துகளின்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டும் வழக்கமும் இத்தகைய மயக்கத்தையே நிலைநிறுத்துகிறது.

நீக்குதலால் விளையும் இழப்பு

நிரப்பிய நிறத்தை நீக்குவதே தீர்வு எனின் அதுவும் முழுவதும் பொருந்தாது. கம்பித் தூரிகை, உப்புத்தாள், அமிலம் ஆகியன வண்ணத்தோடு எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடும். விளிம்பின் கூர்மையே எழுத்து உளியால் வெட்டப்பட்டதா, முத்திரையால் அடிக்கப்பட்டதா என்பதைக் காட்டுவது. கோயிற் சுவர்களில் மணல் வீச்சு முறையால் தூய்மை செய்தபோது கல்வெட்டுகள் மழுங்கிய நிகழ்வு இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. துப்பாக்கியின் மரக்கட்டையில் அரக்கு மெருகு இருப்பின், வண்ணத்தைக் கரைக்கப் பயன்படும் சாராயம் அம்மெருகையும் கரைத்துவிடும்.

மேலும், பள்ளத்திலுள்ள நிறம் அனைத்தும் பிற்காலப் பொய்யன்று. பழைய தொகுப்புகளில் பொருளின் மேலேயே வண்ணத்தால் பதிவெண் எழுதும் வழக்கம் இருந்தது. அவ்வெண்ணை அழிப்பது அப்பொருள் கைமாறிய வரலாற்றின் ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும். ஆதலின் நீக்குமுன் அந்நிறம் எக்காலத்தது, எதற்காக இடப்பட்டது என்பதைத் துணிதல் வேண்டும்.

விலையும் மெய்ம்மையும்

2015 ஏப்ரலில் இலண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு தொடர்பான 30 தொகுதிகள் 60 இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோயின. 2023 மே மாதத்தில் அவர் படுக்கையறை வாள் ஒன்றே சுமார் 1.4 கோடி பவுண்டு பெற்றது. ஓர் எழுத்தின் தெளிவு விலையைப் பன்மடங்கு உயர்த்தும் நிலையில், தெளிவூட்டுதலுக்கும் புனைதலுக்கும் இடையிலுள்ள எல்லை மெலிந்துபோகிறது.

முடிவுரை

பொறிப்பைத் தொடாமலே படிக்கும் வழிகள் உள்ளன. சாய்வாக ஒளி பாய்ச்சிப் படமெடுத்தல், பல கோண ஒளியில் எடுத்த படங்களைக் கணினியில் இணைத்தல் ஆகியன அவற்றுட் சிறந்தவை. ஈரத்தாள் கொண்டு மைப்படி எடுக்கும் கல்வெட்டு முறை எஃகில் துருவை உண்டாக்கும் ஆதலின் இங்கு ஏற்றதன்று. நீக்குதல் தவிர்க்கவியலாதபோது முன்னர்ப் படமெடுத்து, உருப்பெருக்கியின்கீழ்ச் சிறு பகுதியில் தேர்ந்து பார்த்து, பாதுகாப்பு வல்லுநரைக் கொண்டு செய்து, செய்ததைப் பதிவு செய்தல் வேண்டும்.

கொள்ளேகால் போன்று ஆட்சியும் மாநிலமும் மாறிய வட்டாரங்களின் வரலாற்றை எழுத ஏடுகள் மட்டும் போதா; பொருள்களும் பேசவேண்டும். அவை தம் குரலிலேயே பேசவேண்டுமாயின், எழுத்தைப் படிக்குமுன் எழுத்துப் பள்ளத்துள் இருப்பது யாதெனப் படிப்பது ஆய்வாளரின் முதற்கடமையாகும்.