தலைக்குள் ஒரு கம்பி

குன்றத்தூர் என்றதும் சேக்கிழார்தான் ஞாபகத்துக்கு வருவார். அங்கிருந்து பல்லாவரம் வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் பக்கம் திரும்பினால் குரோம்பேட்டை. மூளைக்கு மின்சாரம் வைத்த கதையில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு. டாக்டர் டி.எஸ்.கனகா ரிட்டயர் ஆனபிறகு, அப்பா அம்மா பெயரில் இங்கேதான் ஆஸ்பத்திரி வைத்து ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்த்தார்.

ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர் என்று அவரைச் சொல்வார்கள். 1968-ல் எம்.சிஎச். முடித்தவர். வேலை பார்த்தது சென்னை ஜி.எச்.சில். டாக்டர் ராமமூர்த்தி 1950-ல் அங்கே தொடங்கிய பிரிவு அது. டாக்டர் பாலசுப்ரமணியம் அங்கே ஒரு வித்தையில் கில்லாடி. மண்டையில் ஒரு சட்டத்தை மாட்டி, கணக்குப் போட்டு, சின்ன ஓட்டை வழியாக ஊசியை இறக்கி, மூளையின் ஆழத்தில் ஒரு புள்ளியை மட்டும் அழிப்பது. கை நடுக்கத்துக்குச் செய்தார்கள், சரி. அடக்க முடியாத முரட்டுத்தனத்துக்கும் செய்தார்கள், குழந்தைகளுக்குக்கூட! இன்று படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. அழித்தது அழித்ததுதானே? திரும்ப வராது.

கனகா இன்னொரு வழியிலும் போனார். அழிக்காதே, கம்பியை வைத்து மின்சாரம் கொடு. சரிப்படவில்லையா, நிறுத்திவிடலாம். 1975-லேயே அவர் இதைச் செய்தார். உலகம் கொண்டாடுகிற பிரான்ஸின் பெனாபிட், நடுக்கத்துக்காக இதைக் கையில் எடுத்தது 1987-ல்!

வலிப்புக்கு வருவோம். நம்மூரில் வலிப்பு வந்தால் முதலில் தேடுவது இரும்புச் சாவி. அதனால் நயா பைசா பிரயோஜனமில்லை. மாத்திரையால் பெரும்பாலோருக்குக் கட்டுப்படும். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் படாது. வலிப்பு கிளம்பும் இடம் தெரிந்து, வெட்டி எடுக்க முடிந்தால் ஆபரேஷன். முடியாதவர்களுக்குத்தான் இந்தக் கம்பி. மூளையின் நடுவே தலாமஸில் நுனி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி.

அமெரிக்காவில் 110 பேரிடம் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் கம்பி. பாதிப் பேருக்கு மட்டும் மின்சாரம். மூன்று மாதத்தில் மின்சாரம் ஓடியவர்களுக்கு வலிப்பு சுமார் 40 சதவிகிதம் குறைந்தது, ஓடாதவர்களுக்கு 14.5. பூரண குணம் இல்லை. ஆனால், வாரம் ஐந்து முறை விழுகிறவன் மூன்று முறை விழுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவன் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது 2018-ல். அதே ஆண்டு நவம்பரில் கனகா காலமானார்.

பி.காம். படித்த புத்தி, எனக்குக் கணக்குதான் உதைக்கிறது. கருவியும் ஆபரேஷனுமாகச் செலவு லட்சக்கணக்கில். சாதாரண பேட்டரி என்றால் சில வருடங்களில் தீரும். தீர்ந்தால் மறுபடி நெஞ்சைக் கீற வேண்டும். மறுபடி பணம்.