எல். ஆர். ஈஸ்வரி

எல். ஆர். ஈஸ்வரி (பிறப்பு 1939, சென்னை) தமிழ்த் திரையிசையின் முன்னணிப் பின்னணிப் பாடகிகளுள் ஒருவர். லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது இயற்பெயர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இவரின் குரல்தான் ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளை ஆள்கிறது.

தாய் நிர்மலா, ஸ்டுடியோக்களில் கோரஸ் பாடி வந்தவர். அம்மாவுடன் பாடல் பதிவுக்குப் போய்வந்த ஈஸ்வரியும் 'மனோகரா' (1954) படத்தில் கோரஸ் குழுவில் இடம்பிடித்தார். 'நல்ல இடத்து சம்பந்தம்' (1958) படத்தில் இசையமைப்பாளர் கே. வி. மகாதேவன் அவரைத் தனியாகப் பாடவைத்தார். பாடகி எம். எஸ். ராஜேஸ்வரி ஏற்கெனவே பெயர் பெற்றிருந்ததால், இவர் ஈஸ்வரி ஆனார்.

விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையில் 'பாசமலர்' (1961) படத்துக்காகப் பாடிய திருமணப் பாட்டு அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. மணமகளை மேடைக்கு அழைத்துவரும் நேரத்தில் இன்றும் அது மண்டபங்களில் ஒலிக்கிறது.

பிறகு வந்தவை கிளப் டான்ஸ் பாட்டுகள். வேதா இசையில் 'வல்லவன் ஒருவன்' (1966) படத்தில் மேற்கத்தியத் தாளத்துக்கு மயக்கும் குரல். 'பணமா பாசமா' (1968) படத்தில் இலந்தைப்பழம் விற்பவளின் தெருக்குரல். சாட்டையடிக்கு நடுவே நாயகி ஆடும் 'சிவந்த மண்' (1969) பாட்டில் வலியும் வீம்பும் ஒரே மூச்சில் வருகின்றன. கவர்ச்சிப் பாடகி என்று அவரை ஒரு மூலையில் உட்காரவைத்தவர்கள் இந்த நடிப்பைக் கவனிக்கவில்லை.

அவர்களுக்குச் சரியான பதில் 'வெள்ளி விழா' (1972). வி. குமார் இசையில் காதோரம் ரகசியம் சொல்வதுபோல் பாடியிருக்கிறார். குரலை உயர்த்திக் கைத்தட்டல் வாங்குவதைவிட, அவ்வளவு தாழ்த்தியும் சுருதியும் சொல்லும் சிதையாமல் பாடுவது கடினம். பெண்குரலுக்கு இனிமை ஒன்றே இலக்கணம் என்றிருந்த காலத்தில் கரகரப்பையும் சிரிப்பையும் பெருமூச்சையும் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் ஈஸ்வரி.

பக்திப் பாடல்களிலும் அதே துணிவுதான். கச்சேரி மேடையின் அடக்கத்தை விட்டு, உடுக்கையும் பம்பையும் முழங்கும் திருவிழாக் கூட்டத்தின் வேகத்தில் மாரியம்மனை அழைத்தார். தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் பாடியுள்ளார்.

நீண்ட இடைவெளிக்குப் பின், எழுபது வயதைக் கடந்த நிலையில், தமன் இசையமைத்த 'ஒஸ்தி' (2011) படத்தில் டி. ராஜேந்தருடன் ஒரு குத்துப்பாட்டைப் பாடினார். 'மூக்குத்தி அம்மன்' (2020) படத்தின் ஆடித் திருவிழாப் பாட்டுக்கும் அவரையே அழைத்தார்கள்.