எட்டு மருந்து

2001 செப்டம்பர் 25. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீடு. இரவு எட்டரை மணி இருக்கும், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சமையலறை ஸ்டாண்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. "பூனையான்னு பாருடா" என்றார் அம்மா. பூனை இல்லை. புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் நிலநடுக்கம். ஒரு டம்ளரும் விழவில்லை. ஸ்டாண்டின் விளிம்புக் கம்பி தடுத்துவிட்டது.

அதே வருடம் ஜனவரி 26, குஜராத்தின் புஜ் நகரம் அப்படித் தப்பவில்லை. 7.7 அளவு. 1877இல் தொடங்கிய கச்சு அருங்காட்சியகமும் அருகிலிருந்த 18ஆம் நூற்றாண்டு ஆய்னா மஹாலும் கடுமையாகச் சேதமடைந்தன. பல்லாயிரம் பேர் இறந்த இடத்தில் பானையையும் பதுமையையும் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிழைத்தவர்கள் தங்களை மறுபடி அடையாளம் காண அவையும் வேண்டியிருக்கின்றன.

கல்லூரியில் படித்த கணக்கு எளிது. அடி அகலத்தை உயரத்தால் வகுக்க வேண்டும். 60 செ.மீ. உயரம், 15 செ.மீ. அடி என்றால் விடை கால். தரை பக்கவாட்டில் புவியீர்ப்பின் கால் பங்கு முடுக்கத்தில் உதறினாலே அந்தப் பொருள் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால்தான் ஜாடிக்குள் மணல்மூட்டை வைக்கிறார்கள், அடியில் மெழுகு ஒட்டுகிறார்கள், சிலையைக் கம்பியால் பிடிக்கிறார்கள். டோக்கியோவின் மேற்கத்தியக் கலை அருங்காட்சியகம் 1990களின் இறுதியில் கட்டடத்துக்கு அடியிலேயே அதிர்வு தாங்கிகளைப் பொருத்தியது. தரை ஆடினாலும் மேலே ஆட்டம் குறையும்.

இதெல்லாம் வெளிநாட்டு வித்தை என்றுதான் நினைத்திருந்தேன், எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் வரும்வரை. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் கல், காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டையும் சேர்த்து இடித்துக்கொண்டிருந்தார்கள். அஷ்டபந்தனம். மூலவரைப் பீடத்தோடு பிணைக்கும் மருந்து.

"ஒரு தடவ வச்சா போதாதா?" என்று கேட்டேன்.

"காஞ்சி வெடிச்சிடும் தம்பி. பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்கா புதுசா சாத்தணும்" என்றார் இடித்துக்கொண்டிருந்த பெரியவர்.

மென்பொருளில் நாங்கள் பராமரிப்பு என்று சொல்வதை அவர்கள் திருவிழாவாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். மறந்துபோக முடியாது.

அதற்குப் பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்தில் என் கண் முகங்களுக்குப் போகவில்லை, பீடங்களுக்குப் போனது. பல பீடங்களில் துளைகளும் வளையங்களும் இருந்தன. உலா போகும்போது கழி செருகி, கயிறு போட்டு இறுக்குவதற்கானவை. தோள்கள் எவ்வளவு குலுங்கினாலும் சாமி சாயக்கூடாது என்று வார்க்கும்போதே யோசித்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தத் துளைகள் காலியாக இருந்தன.

கோயிலை விட்டு வந்த சிலை பூசையை மட்டும் இழக்கவில்லை, தன் கட்டையும் இழந்திருக்கிறது. திருட்டுக்குப் பூட்டும் கேமராவும் வைக்கிறோம். நிலம் உதறும் அந்த அரை நிமிடத்துக்கு வேண்டியது ஒரு கம்பி, கொஞ்சம் மெழுகு, அதை அவ்வப்போது தொட்டுப் பார்க்க ஒரு கை.

கல்வராயன் மலையிலிருந்து தேன் வாங்கி வந்தால் அம்மா அடையைப் பிழிந்து மெழுகைத் தனியாக எடுத்து வைப்பார். எதற்கு என்று கேட்டால், "எதையாச்சும் ஒட்ட ஆவும்டா" என்பார்.