திசையன்முறை நிரலாக்கம்

திசையன்முறை நிரலாக்கம் என்பது, தரவுத்தொடரின் உறுப்புகளை மடக்கு வழியே ஒவ்வொன்றாகக் கணிக்காமல், தொடர் முழுவதையும் ஒரே செயற்கூறிடம் ஒப்படைக்கும் முறை. 1960களில் கென்னத் ஐவர்சனின் ஏ.பி.எல். மொழியில் வேரூன்றிய இந்த அணுகுமுறை, 1976இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய எஸ் மொழியிலும் அதன் வழிவந்த ஆர் மொழியிலும் புள்ளியியல் கணிப்புக்கு அடிப்படையானது. ஆர் மொழியில் மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் கட்டளையைப் பொருள்கொள்ளும் வேலை திரும்ப நடக்கிறது. அணியின் ஒவ்வொரு நிரையையும் கூட்டும் ‘ரோசம்ஸ்’ போன்ற செயற்கூறுகளோ தொகுக்கப்பட்ட சி நிரலில் ஒரே அழைப்பில் கணக்கை முடிக்கின்றன.

2017இல் வெளியான ஆர் 3.4.0 பதிப்பு முதல் மடக்குகள் இயல்பாகவே பைட்குறியீடாகத் தொகுக்கப்படுவதால் திசையன்முறை தேவையற்றது என்பர் சிலர். வேக இடைவெளி குறைந்தது உண்மை, மறையவில்லை. இடைநிலைத் தொடர்கள் நினைவகத்தை நிரப்பும் என்ற மறுப்பு பெருந்தரவுக்குப் பொருந்தும். அங்கே துண்டுகளாகப் பிரித்துக் கணிக்கலாம். முந்தைய விடையைச் சார்ந்த, ஆயத்தச் செயற்கூறு இல்லாத கணிப்புக்கு மடக்கே ஏற்றது. உறுப்புகள் ஒன்றையொன்று சாராத இடத்தில் திசையன்முறையே முதல் தேர்வு.